'ஓடுது' என்ற வீடியோவை நம்பி கப்பல் குரோனோமீட்டர் வாங்காதீர்கள்

19-ஆம் நூற்றாண்டு லண்டன் தயாரிப்பு, ஒருமுறை சாவி கொடுத்தால் இரண்டு நாள் ஓடும் குரோனோமீட்டர், அதாவது கடலில் கப்பலின் தீர்க்கரேகையைக் கணக்கிட உதவிய துல்லியக் கடிகாரம். "முழு சர்வீஸ் ஆனது, அருமையாக ஓடுகிறது" என்று பழம்பொருள் வியாபாரி ஒருவர் பத்து விநாடி வீடியோ காட்டி விற்றார். வந்து சேர்ந்தது உடைந்த கடிகாரம். கேட்டால் "கூரியரைக் கேளுங்கள்" என்கிறார்.

கூரியர் மேல் தப்பில்லை. வியாபாரிதான் பேலன்ஸ் வீலுக்கு (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) அடியில் கார்க் வைக்கவில்லை, கிம்பல் (கப்பல் ஆடினாலும் கடிகாரத்தைச் சமநிலையில் வைக்கும் வளையம்) பூட்டும் போடவில்லை. எஸ்கேப் வீலைத் தடுத்து, ஒவ்வொரு பல்லாக விடும் பாகம்தான் டிடென்ட்; அதன் ஸ்பிரிங் காகிதத்தைவிட மெல்லியது. பெட்டி சுழன்று பேலன்ஸ் வீல் அளவுக்கு மீறி ஆடினால் ஒடிந்துவிடும். இதில் வேரோடு முறிந்து, தகடு பளபளவென்று தனியே கிடக்கிறது. தடுக்க ஆளில்லாமல் எஸ்கேப் வீல் வெறியாய்ச் சுற்றி, மூன்று பல்லின் நுனி வளைந்திருக்கிறது. புது டிடென்ட் கடையில் கிடைக்காது. கையால்தான் செய்ய வேண்டும்.

அனுப்பும் முறை இதுதான்: சாவி தீரும்வரை ஓடவிட வேண்டும். பேலன்ஸ் விளிம்புக்கும் தட்டுக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு மெல்லிய கார்க் சீவல்களை அழுத்தாமல் செருக வேண்டும். பிறகு கிம்பலைப் பூட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

வீடியோ கேட்டால் முழு ஒரு நிமிடம் கேளுங்கள். விநாடி முள் அரை விநாடிக்கு ஒரு தாவல், நிமிடத்துக்கு 120 தாவ வேண்டும். விநாடிக்கு ஐந்து துடிப்பு கேட்டால் டிடென்டைக் கழற்றிவிட்டு லீவர் என்ற சாதாரணக் கடிகார அமைப்பைப் போட்டிருக்கிறார்கள். விலை பாதிகூடப் பெறாது. பித்தளைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுத்த மெஷினின் பக்கவாட்டுப் படமும் வேண்டும்: உருளை வடிவ ஹேர்ஸ்பிரிங் (பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய சுருள்), ஃபியூசியில் (கூம்பு வடிவ உருளை) சுற்றிய செயின் இரண்டும் தெரிய வேண்டும். டயலில் துறைமுகக் கடைக்காரர் பெயர் இருப்பது குறையே அல்ல, அன்று அதுதான் வழக்கம். ஆனால் டயலில் உள்ள வரிசை எண்ணும் பெட்டித் தகட்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் இரண்டும் வேறு வேறு; பெட்டி இன்னொரு கடிகாரத்துடையது.

பத்து நாள் ரேட் குறிப்பும், அதாவது தினமும் எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்ற பதிவும், கேளுங்கள். தினமும் 4 விநாடி பிந்தினாலும் பரவாயில்லை, கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஒருநாள் 1, மறுநாள் 6 என்று அலைந்தால்தான் ஆபத்து. கணக்குக்குச் சிக்காத 4 விநாடி, பூமத்திய ரேகையில் ஒரு கடல்மைல் பிழை.

கார்க் வைத்த படம் கைக்கு வரும்வரை பார்சலை ஒட்ட விடாதீர்கள்.