நுரைப்பாறைச் சுவர்: உப்புநீருக்குள் நான்கு ஆண்டுகள்

120 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் உயரமும் உள்ள என் பவளத் தொட்டியின் பின்கண்ணாடியை மறைக்கப் பாலியூரிதேன் நுரையால் நானே அமைத்த பாறைச் சுவர், உப்புநீருக்குள் நான்கு ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. பாறைமேல் ஓடுபோல் இறுகிப் படரும் கோரலைன் பாசி ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படர்ந்துவிட்டதால், அது நுரை என்று சொன்னாலும் பார்ப்பவர்கள் எளிதில் நம்புவதில்லை. ஆயினும் இதை அமைக்க விரும்புவோர் அழகுக்கு முன் மிதப்பு விசையைக் கணக்கிட வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

கையில் எடையே தெரியாத நுரை, நீருக்குள் மேல்நோக்கி உந்திக்கொண்டே இருக்கும். 10 லிட்டர் பருமனுள்ள நுரை ஏறத்தாழ 10 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் எழ முயலும். முதல் முயற்சியில் சிலிக்கோன் பசையை ஆங்காங்கே பொட்டுப் பொட்டாக வைத்து ஒட்டியிருந்தேன். நீர் நிரப்பிய மூன்றாம் நாளே ஒரு மூலை பெயர்ந்தது. நீரை வடித்துவிட்டுத் தொட்டியைப் பின்பக்கமாகப் படுக்க வைத்து, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் வலைத்தட்டை முழுப் பரப்பிலும் சிலிக்கோன் இட்டு ஒட்டி, அதன் கட்டங்களுக்குள் நுரை புகுந்து இறுகும்படி பீய்ச்சி, இறுகுமுன்பே உலர்ந்த பாறைத் துண்டுகளைப் பதித்தேன். அந்தப் பிடி இன்றுவரை தளரவில்லை.

இந்த நுரை ஈரப்பதத்தால்தான் இறுகுகிறது. ஒரே முறை தடிமனாகப் பீய்ச்சினால் உட்பகுதி பிசுபிசுப்பாகவே தங்கிவிடும் என்பதால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் அடுக்குகளாக, இடையில் நீரைப் பனிபோல் தெளித்து, மறுநாள் அடுத்த அடுக்கு என்று பொறுமையாகச் செய்ய வேண்டும். இறுகிய மேல்தோல் தலையணை போல் உப்பிச் செயற்கையாகத் தெரிந்ததால் கத்தியால் செதுக்கி, வெட்டுப்பட்ட இடங்களில் எபாக்சி பூசிப் பவள மணலைத் தூவினேன். பூச்சு விடுபட்ட ஓர் உள்ளங்கை அளவு இடத்தைப் பின்னர் கடல் அர்ச்சின் (பாசியைச் சுரண்டித் தின்னும், முள் நிறைந்த கடலுயிர்) சுரண்டிக் குழியாக்கியது; நுரைத் துணுக்குகள் வடிகட்டியில் வந்து சேர்ந்தபோதுதான் அதைக் கவனித்தேன்.

சிலிக்கோனின் காடி நெடி முற்றிலும் நீங்கும்வரை காத்திருந்து, பிறகு இரண்டு வாரம் நன்னீரில் ஊறவிட்டு மூன்று முறை நீரை மாற்றினேன். கோரலைன் பாசி பழைய பாறையிலிருந்து சுரண்டிச் சேர்த்த பொடியிலிருந்து பரவியது. அது வளரத் தேவையான கால்சியத்தை லிட்டருக்கு 420 மில்லிகிராம், காரத்தன்மையை 8.5 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவில் நிலையாக வைத்திருந்தும் சுவர் மூடப்பட ஓராண்டுக்கு மேலாயிற்று.

நீண்டகாலத் தொல்லைகள் இரண்டு. சுவரின் ஆழமான துளைகளில் குடியேறிய ஐப்டேசியா என்னும் சிறு கடல் அனிமோன், மருந்தூசி எட்டாத இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் தலைநீட்டுகிறது. நீரோட்ட மோட்டாரைக் கண்ணாடியில் பிடித்து நிறுத்தும் காந்தமோ நுரையின் தடிமனைத் தாண்டிப் பற்றுவதில்லை. இரண்டு இடங்களில் மட்டும் வெறும் கண்ணாடியை விட்டிருந்தேன். பவளங்கள் வளர்ந்து நீரோட்டத்தின் திசையை மாற்ற வேண்டி வந்தபோது, மோட்டாரை வேறிடத்தில் பொருத்த வழியில்லாமல் போனது.

அடுத்த தொட்டிக்கான சுவரை இப்போது அமைத்து வருகிறேன். அதில் தடிமன் எங்கும் நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது; காந்தங்களுக்காக ஐந்து இடைவெளிகளை வலைத்தட்டை ஒட்டும்போதே வெட்டி வைத்துவிட்டேன்.