பலகைக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது? டிராக் சா ரெயிலுக்கான கிளாம்ப்கள்: ஒப்பீட்டு அலசல்

கடையில் கிளாம்ப் கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எது நல்லா இறுக்கும்?" என்றுதான். டிராக் சா என்பது நீளமான அலுமினிய ரெயிலின் மேல் ஓடி நேராக வெட்டும் மெஷின். அந்த ரெயிலைப் பலகையோடு பிடித்து வைக்கும் கிளாம்பைப் பொறுத்தவரை, இறுக்கம் இரண்டாவது கேள்வி. பலகைக்கு அடியில் எத்தனை அங்குலம் காலியாக இருக்கிறது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் ஜோடி கிளாம்ப் வாங்கி, வேலை நடக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய், மாட்டவே முடியாமல் டூல் பெட்டியில் திருப்பிப் போடும் நிலைமை நம் பக்கம் சகஜம்.

சத்துவாச்சாரியோ, காட்பாடியோ, ராணிப்பேட்டையோ, கப்போர்டு வேலையும் கிச்சன் வேலையும் பட்டறையில் நடப்பதைவிட கட்டி முடியும் தறுவாயில் இருக்கும் வீட்டின் ஹாலில்தான் அதிகம் நடக்கின்றன. 8×4 ப்ளை ஷீட் தரையில் கிடக்கும். அடியில் தெர்மாகோல் அல்லது நாலு ரீப்பர் கட்டை. ரெயில் கிளாம்பை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்தது இடுப்புயர மேசையை. இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டுதான் எந்த வகை என்று முடிவெடுக்க வேண்டும்.

ரெயில் கிளாம்ப் எங்கே பிடிக்கிறது

ரெயிலின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு டி வடிவக் காடி ஓடுகிறது. கிளாம்பின் மேல்கை மெல்லிய எஃகுப் பட்டை. அது ரெயிலின் முனையிலிருந்து அந்தக் காடிக்குள் நுழைகிறது. தண்டு பலகையின் விளிம்புக்கு வெளியே செங்குத்தாகக் கீழே இறங்கும். கீழ்க்கை பலகையின் அடியில் உள்நோக்கி நீண்டு, அதிலுள்ள பேடு மேல்நோக்கி அழுத்தும். ரெயிலின் மேற்பரப்பில் எதுவும் துருத்தாது என்பதால் மெஷின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையில்லாமல் ஓடும்.

இதிலிருந்தே இரண்டு விஷயம் தெரிகிறது. கிளாம்ப் பிடிப்பது பலகையின் இரு முனைகளில் மட்டுமே, நடுவில் பிடிக்க வழியில்லை. எட்டடி நீளத்துக்கு ஷீட்டைப் பிளக்கும்போது நடுப்பகுதியை நகராமல் வைத்திருப்பது ரெயிலின் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்காத பட்டைதான். இரண்டாவது, தண்டின் நீளம் மாறாது. 120 மி.மீ. வாய் திறக்கும் கிளாம்பில் 6 நூல் ப்ளையை, அதாவது 19 மி.மீ. பலகையைப் பிடித்தால், தண்டில் சுமார் 100 மி.மீ. கீழே தொங்கும். 160 மி.மீ. கிளாம்ப் என்றால் 140 மி.மீ. தொங்கும். இது கணக்கில் வருவது மட்டுமே, முனையிலுள்ள தடுப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். மூன்று அங்குல ரீப்பர் மேல் ஷீட்டைப் போட்டிருந்தால் தண்டு தரையில் முட்டி, ரெயிலையே தூக்கிவிடும். குறைந்தது ஆறு அங்குல உயரம் வேண்டும். பெரிய கிளாம்புக்கு எட்டு.

திருகு கிளாம்பும் நெம்புகோல் கிளாம்பும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். திருகு வகைக்கு உதாரணம் ஃபெஸ்டூல் நிறுவனத்தின் எஃப்எஸ்ஸெட் 120. மகிட்டாவும் தன் ரெயிலுக்கு இதே போன்ற ஜோடியை விற்கிறது. நெம்புகோல் வகைக்கு ஃபெஸ்டூலின் எஃப்எஸ்-எச்ஸெட் 160. பெஸ்ஸி நிறுவனமும் ரெயில் காடிக்குப் பொருந்தும் கிளாம்ப்களைச் செய்கிறது.

திருகு வகையில் இறுக்கத்தின் அளவை விரல் நுனியில் உணர முடியும். கெட்டுப்போகும் பாகமும் குறைவு. நேரம் எடுக்கும் என்பது பெரிய குறையில்லை, ஒரு முனைக்குப் பத்து விநாடி. பெரிய குறை வேறு. கைப்பிடியைத் திருகும்போது கீழ்க்கை திருகும் திசையில் பக்கவாட்டில் இழுபடும். அந்த இழுப்பு தண்டு வழியாக மேலே ஏறி ரெயிலைத் தொடும். பென்சில் கோட்டில் உட்கார்ந்திருந்த ரெயிலின் விளிம்பு, கடைசி அரைச் சுற்றில் ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். நான்கடி வெட்டில் ஒரு முனை அரை நூல் விலகினால் கப்போர்டு கதவு சதுரம் தவறி, கீல் மாட்டும்போது சந்து கோணலாகத் தெரியும்.

இதைத் தவிர்க்க வரிசை முக்கியம். இரு முனைகளிலும் ரெயில் விளிம்பைக் குறியில் வைத்து, தூர முனையை லேசாக, பேடு தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். அருகு முனைக்கு வந்து குறியைத் திரும்பப் பார்த்து, அதையும் லேசாகத் திருகுங்கள். பிறகு ஒரு கையால் ரெயிலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டையும் முழுதாக இறுக்குங்கள். மெஷினை எடுக்கும் முன் இரண்டு குறிகளையும் கடைசியாக ஒரு தடவை பாருங்கள். ஒரு முனையை முழுதாக முறுக்கிவிட்டு மறுமுனைக்குப் போனால், மறுமுனையைச் சரிசெய்யத் தள்ளும்போது முதல் முனை திரும்பிக்கொள்ளும்.

நெம்புகோல் வகையில் கீழ்க்கையைத் தள்ளிப் பலகையைத் தொடவைத்து, நெம்பை இரண்டு மூன்று முறை அமுக்கினால் போதும். விசை நேர்மேலாகப் போவதால் பக்க இழுப்பு குறைவு. ஒரே அளவில் இருபது ஷெல்ஃப் வெட்டும் நாளில் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு வெட்டுக்கும் ரெயிலை எடுத்து வைக்க வேண்டியிருக்கும்போது திருகுக்குக் குனிந்து நிமிர்வது முதுகுக்குத் தண்டனை. 160 மி.மீ. வாய் என்பதால் பலகையையும் மேசைப் பலகையையும் சேர்த்தே பிடிக்கலாம்.

ஆனால் நெம்புகோலில் இறுக்கம் உள்ளிருக்கும் பற்களின் வழியே படிப்படியாகத்தான் ஏறும். அடுத்த பல்லுக்குப் போனால் ஒருவேளை மிகை, நின்றால் ஒருவேளை குறைவு. பழக்கமில்லாத கை மிகையைத்தான் தேர்ந்தெடுக்கும். மிகை இறுக்கத்தால் கெடுவது ரெயில். காடியின் உதடுகள் மெல்லிய அலுமினியம், முனையில் லேசாக விரிந்துவிட்டால் அடுத்த முறை மேல்கை ஆடும். சிமெண்ட் தூசியும் மரத்தூளும் பல்லுக்குள் புகுந்தால் விடுவிக்கும் பட்டன் சிக்கிக்கொள்ளும்.

என் தீர்ப்பு இது. நிரந்தர மேசையுள்ள பட்டறைக்கு நெம்புகோல். வீடு வீடாகப் போய் வேலை செய்பவருக்குத் திருகு வகை, அதுவும் 120 மி.மீ. போதும். ஃப்ளஷ் டோர் 30, 35 மி.மீ. தடிமன்தான். டிராக் சா ரெயிலோடு வெட்டும் ஆழமே பெரும்பாலும் 50 மி.மீ. சொச்சம். அதற்கு மேல் வாய் திறந்து என்ன பயன்?

சாதாரண எஃப் கிளாம்ப், சி கிளாம்ப்

விலை குறைவு, வேலூர் லாங் பஜாரில் கிடைக்கும், ஏற்கெனவே கையில் இருக்கும். ஆனால் மேல்கை வார்ப்பிரும்பு, காடிக்குள் நுழையாது. ரெயிலின் மேலே வைத்துப் பிடித்தால் மெஷினின் அடித்தட்டு அதில் முட்டும், வெட்டு பலகையின் முனைவரை போகாது. மேல்கையை கிரைண்டரில் தேய்த்து ஒல்லியாக்கும் வழக்கமும் இருக்கிறது. வார்ப்பிரும்பைத் தேய்த்து மெல்லிசாக்கினால் அது வளையாது, உடையும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவற்றின் இடம் வேறு. டிராக் சா இல்லாமல், சாதாரண சர்குலர் கட்டிங் மெஷினுக்கு 6 மி.மீ. ப்ளையில் தாமே கைடு (மெஷினை நேராக ஓட்ட வழிகாட்டும் பலகை) செய்துகொள்பவர்களுக்கு இதுவே சரி. அங்கே நடக்கும் தவறு ஒன்றே ஒன்று. கிளாம்பின் திருகும் கைப்பிடியும் மேல்பக்கம் நிற்கும்படி மாட்டுகிறார்கள். ஆழத்தை முழுதாக வைத்தால் மோட்டார் உடல் தாழ்ந்து வரும், பாதி வெட்டில் கைப்பிடியில் இடிக்கும். நின்ற இடத்தில் பிளேடு பலகையைக் கருக்கும், பிசிறு எடுக்கும். கிளாம்பைத் தலைகீழாக மாட்டுங்கள், நிலையான தட்டைத் தாடை மேலே, திருகு கீழே. கைடின் அடிப்பலகையையும் மோட்டார் துருத்தும் அகலத்துக்கு மேல் மூன்று விரல் கூடுதலாக விட்டுச் செய்யுங்கள்.

கிளாம்பே இல்லாமல்

தரையில் தெர்மாகோல் போட்டு வெட்டுபவருக்கு இதுதான் நடைமுறை. இதில் தப்பும் இல்லை. நேர்வெட்டில் ரெயிலைப் பக்கவாட்டில் தள்ளும் விசை குறைவு. அடியிலுள்ள வழுக்காத பட்டை சுத்தமாக இருந்து, ரெயிலின் முழு அகலமும் பலகை மேல் படிந்திருந்தால் பிடித்துக்கொள்ளும். எப்போது பிடிக்காது என்பதைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

தூசி படிந்த பலகை முதல் எதிரி. ஷீட்டையும் பட்டையையும் ஒவ்வொரு வெட்டுக்கும் முன் துணியால் துடைக்க வேண்டும். இரண்டாவது, சன்மைக்கா ஒட்டி வரும் போர்டின் மேலுள்ள பிளாஸ்டிக் ஃபிலிம். பட்டை ஃபிலிமைப் பிடித்திருக்கும், ஃபிலிம் போர்டை விட்டு நழுவும். ரெயில் உட்காரும் இடத்தில் மட்டும் ஃபிலிமை உரித்துவிடுங்கள். மூன்றாவது, ரெயிலைவிட ஒடுங்கிய துண்டுகள். பக்கத்தில் அதே தடிமனில் இன்னொரு துண்டு வைத்துத் தாங்கினாலும் இங்கே கிளாம்ப் வேண்டும். சாய்வெட்டு நான்காவது. 45 பாகையில் மெஷினின் எடை ஒரு பக்கம் சாய்வதால் ரெயில் வழுக்கும். இங்கே கிளாம்ப் இல்லாமல் தொடவே கூடாது.

டோரின் அடியை அறுப்பதும் அப்படியே. டைல்ஸ் போட்ட பிறகு கதவு உரசுகிறது என்று 6 மி.மீ. எடுக்கும்போது தவறினால் திருத்த இடமில்லை. கதவை இரண்டு ஸ்டூல் மேல் ஏற்றி, இரண்டு கிளாம்பும் போட்டு, பேடுக்கும் கதவுக்கும் நடுவில் சன்மைக்கா துண்டு கொடுங்கள், தழும்பு விழாது. கையில் ஒரே கிளாம்ப்தான் என்றால் தூர முனையில் போடுங்கள். அருகு முனையைக் கையால் அழுத்திக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளாம்ப் பிடிப்பது ரெயிலை மட்டுமே, மெஷினை அல்ல. பிளேடு இறுகி மெஷின் பின்னோக்கி உதறினால் எந்த ரெயில் கிளாம்பும் அதைத் தடுக்காது. கழிவுத் துண்டு தொங்கி வெட்டை இறுக்காமல் அதற்கும் தாங்கு கொடுப்பதுதான் பாதுகாப்பு.

வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

மகிட்டா, ஃபெஸ்டூல் கிளாம்ப்கள் ஒன்றின் ரெயிலில் மற்றது பொருந்தும். பாஷ், டிவால்ட் ரெயில்களின் வடிவம் வேறு. எதற்கு எது சேரும் என்ற விளம்பர வரியை நம்பாமல், காடியின் வாய் அகலத்தையும் உள் உயரத்தையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து, கிளாம்பின் மேல்கையோடு ஒப்பிடுங்கள். மேல்கை காடிக்குள் தடையின்றி ஓட வேண்டும், ஆனால் கையால் அசைத்தால் கடகடவென்று ஆடக் கூடாது. மலிவான ஜோடிகளில் மேல்கையும் தண்டும் சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே வெல்டிங் உருண்டை துருத்தியிருந்தால் காடிக்குள் முழுதாகப் போகாது. பேடின் பிளாஸ்டிக் மூடி விரலால் இழுத்ததும் கழன்றால் அது முதல் வாரத்திலேயே தொலையும்.

அக்னி நட்சத்திர வெயிலில் ரெயிலை மொட்டை மாடிச் சுவரில் சாய்த்து வைப்பதை விட்டுவிடுங்கள். நம் ஊரில் 40 பாகையைத் தாண்டும் நாட்களில் பட்டையின் பசை இளகி, கிளாம்ப் பிடிக்கும் முனையிலிருந்துதான் முதலில் உரியும். உரிந்த பட்டை மடிந்தால் ரெயில் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் படியாது. பழைய பசையைத் தின்னரால் துடைத்துவிட்டுப் புதுப் பட்டை ஒட்டுவது அரைமணி நேர வேலை.

திருகின் மரையை வாரம் ஒருமுறை பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, மெழுகுவர்த்தித் துண்டை அதன் மேல் ஓட்டினால் போதும். எண்ணெய் போட்டால் அது தூசியைப் பிடித்து மரையை அரைக்கும் விழுதாகும், சன்மைக்காவில் கறையும் படியும். தண்டில் எண்ணெயோ மெழுகோ எதுவும் படவே கூடாது. கீழ்க்கை தண்டில் கோணி நின்று கவ்வுவதால்தான் பிடிக்கிறது. வழவழப்பாகிவிட்டால் இறுக்க இறுக்கக் கீழே நழுவும்.