ராரோடோங்கால சொந்த ஸ்கூட்டரா, மாச வாடகையா, பஸ்ஸே போதுமா?

பசிபிக் கடல்ல இருக்கற குக் தீவுகள்ல பெரிய தீவு ராரோடோங்கா. இங்க வேலைக்கு வர்ற நம்மாளுங்க முதல் வாரமே கேக்குற கேள்வி இது. நான் முதல்ல சொந்தமா வாங்கி கையச் சுட்டுக்கிட்டவன், இப்ப ஓட்டுறது வாடகை வண்டி, அதனால எந்தப் பக்கம் பேசுவேன்னு உங்களுக்கே தெரியும்.

பஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. தீவைச் சுத்தி ஒரே மெயின் ரோடு, 32 கிலோமீட்டர். கடிகாரச் சுத்துல ஒண்ணு, எதிர்ச்சுத்துல ஒண்ணு. எனக்கு வீடு தென்கிழக்குல முரி பக்கம், ஆபீஸ் வடக்குல தலைநகர் அவாருவால. காலைல எதிர்ச்சுத்து பஸ்ஸ விட்டா மத்ததுல ஏறி அரொராங்கி, ஏர்போர்ட் எல்லாம் சேவிச்சுட்டு லேட்டா போய் இறங்கலாம். ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் பஸ் ரொம்ப கம்மி.

சொந்த வண்டில விஷயமே உப்புதான். ரோடு கடலை ஒட்டியே போகுது, காத்து முழுக்க உப்பு, போதாததுக்கு மழை. முதல்ல சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் போச்சு, அப்புறம் சைலன்சர் அடியில பொத்தல், ஒரு நாள் மார்க்கெட் வாசல்ல சீட்டு லாக்குல சாவி திரும்பவே மாட்டேன்னுது, உள்ள ரெயின்கோட்டு, வெளிய கொட்டுற மழை. வாராவாரம் நல்ல தண்ணில கழுவி ஆயில் அடிச்சும் பாத்தேன், துரு கொஞ்சம் மெதுவா வருது, அவ்ளோதான். பார்ட்ஸ் நியூசிலாந்து ஆக்லாந்துலேர்ந்து வரணும், 3,000 கிலோமீட்டர், ஒரு பிரேக் கேபிளுக்கு அஞ்சு வாரம் காத்திருந்தேன், அதுவரைக்கும் பஸ்தான். விக்கப் போனா அது வேற கூத்து, நம்ம ஃப்ளைட்டு தேதி வாங்குறவனுக்குத் தெரிஞ்சா போதும், விலை தானா இறங்கிரும்.

வாடகைல துரு கடைக்காரங்க தலைவலி. வண்டி மக்கர் பண்ணா போன் போடுவேன், வேற வண்டி குடுத்துருவாங்க. ஆனா டூரிஸ்ட்டுக்குச் சொல்ற நாள் ரேட்டுக்கு மண்டைய ஆட்டிராதீங்க, மாச ரேட்டு கேளுங்க, மாத்து வண்டி உண்டான்னும் முன்னாடியே பேசிருங்க.

ஒண்ணு, நான் வாடகை ஓட்டுறது ஏழு மாசமாத்தான், அதுவும் ஒரே கடைல. நாலஞ்சு வருஷம் இருக்கப் போறவங்க, ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு சொந்த வண்டி கட்டுபடியாகலாம். கார் நான் வச்சதில்ல, குழந்தை குட்டியோட இருக்கவங்க அத வச்சிருக்கவங்ககிட்ட கேட்டுக்கங்க.

லைசென்ஸ் அவாருவா போலீஸ் ஸ்டேஷன்லயே. இங்கயும் லெஃப்ட் சைடுதான், நம்மூர் டிராஃபிக்ல ஓட்டினவங்களுக்கு ஸ்கூட்டர் டெஸ்ட் ஜுஜுபி. வண்டி எடுக்கறப்ப சீட்டு லாக்க ரெண்டு தடவ திறந்து மூடிப் பாத்துருங்க. நான் இப்ப ரெயின்கோட்ட சீட்டுக்கடில வைக்கறதே இல்ல.