ஸ்டீலுக்கு என்னத்த ரேட்டு?

இந்தத் தடவை ஊரில் இருந்தது மூன்று வாரம். அதில் முழுசாக நாலு நாள் ஒரு வாட்சுக்குப் போய்விட்டது. குற்றாலம் போகவில்லை, நவதிருப்பதி பாதியில் நிற்கிறது, மதினிக்கு இன்னும் கோபம். ஆனாலும் அப்பா அம்மா வைத்துப்போன பொருளை ஊர் வீட்டில் விட்டுவிட்டு வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

வாட்ச் அப்பாவுடையது. ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், மாடல் எண் 1601. அப்பா கப்பலில் வேலை பார்த்தபோது 1971ல் சிங்கப்பூரில் வாங்கியது. ஸ்டீல் உடம்பு, கண்ணாடியைச் சுற்றி வரிவரியாய் வெட்டின வெள்ளைத் தங்க வளையம். கல்யாணம், காதுகுத்து, பேங்க் இந்த மூன்றுக்கு மட்டும்தான் அதைக் கட்டுவார். பேங்குக்கு ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை. அவர் போன பிறகு திருநெல்வேலி சிந்துபூந்துறை வீட்டில் அண்ணனிடம் இருக்கிறது.

சிந்துபூந்துறை என்றதும் ஊர்க்காரர்களுக்கு அடுத்த வரி தெரிந்திருக்கும். 2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. பீரோவின் கீழ் டிராயரில் கிடந்த வாட்ச் ஒரு ராத்திரி முழுக்க ஆற்றுத் தண்ணீரில் ஊறியது. அண்ணன் அதை எடுத்து, நனைந்த போனைப் போடுவதுபோல் மாடி வீட்டு அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். பத்து நாள் கழித்துத்தான் ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கொடுத்து ஓட வைத்தான். டயலில் நாலு மணிக்குப் பக்கத்தில் காப்பிக் கறை மாதிரி ஒன்று வந்துவிட்டது. “டயலுக்குப் பெயிண்டு புதுசு கணக்கா அடிச்சுத் தாரேன்” என்றாராம் கடைக்காரர். “அப்பா பாத்த டயலு, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அவன் சோம்பலால் விளைந்த ஒரே நன்மை. அது பின்னால் வருகிறது.

வெள்ளத்துக்கு அப்புறம் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தான். பாரத் கிருக ரக்ஷா என்று பெயர். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே வாசகத்தில் கொடுக்கும் வீட்டுப் பாலிசி. வந்த அன்று ராத்திரியே அந்தத் தாளை வாங்கி வாசித்தேன். பர்மிங்காமில் குடியிருந்து பிடித்துக்கொண்ட வியாதி இது. அங்கே வீட்டுப் பாலிசியில் தனி ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டும் மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் பெயர் சொல்லி, விலைச்சான்று கொடுத்துச் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் தொலைந்த அன்று அந்த வரம்புத் தொகையோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஊர்ப் பாலிசியும் கிட்டத்தட்ட அப்படித்தான். கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுச் சாமானுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். கட்டில், பிரிட்ஜ், டிவி எல்லாம் அதில் அடங்கும். நகை, வெள்ளிச் சாமான், ஓவியம், பழம்பொருள் மாதிரி விலை உயர்ந்தவை அடங்காது; தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்கும் தொகை மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும் எந்த ஒரு பொருளும் 1 லட்சத்துக்கு மேல் போகாமலும் இருந்தால் மதிப்புச் சான்று வேண்டாம். மேலே போனால் சான்று வேண்டும். சான்றில் உள்ள தொகையை நிறுவனம் ஏற்றுக்கொண்டால் அதுதான் ஒப்புக்கொண்ட மதிப்பு. இழப்பு வந்தபின் விலையைப் பற்றி மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அண்ணனுக்கே தெரியாது. அடிப்படைப் பாலிசியில் திருட்டு என்பது வெள்ளம், தீ மாதிரி ஒன்று நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான். சும்மா ஒருநாள் பூட்டை உடைத்துப் போனால் அதற்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும். “ஏட்டி, நீ வந்தாலே வீட்டுல ஒரு குறை கண்டுபிடிப்ப” என்றான். மறுநாள் ஏஜெண்ட்டுக்குப் போன் போட்டான்.

மதிப்புச் சான்று வாங்குவது என் வேலை என்று ஆயிற்று.

முதலில் போனது டவுனில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாய் நகை எடுக்கும் கடைக்கு. பேங்க் நகைக்கடனுக்கு உரைத்துப் பார்க்கும் ஆசாரியும் அங்கேதான் உட்காருவார். அவர் வாட்சை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ரெண்டு தடவை தூக்கினார். “ஸ்டீலுக்கு என்னத்த ரேட்டு போட, தாயி? இந்த வளையம் மட்டுந்தான் தங்கம். கழட்டுங்க, உரசிப் பாத்துச் சொல்லுதேன்.” கழற்றவா! அவர்மேல் குற்றமில்லை. அவர் கணக்கில் பொருளின் விலை அதன் கிராமில் இருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ரெண்டாவது வண்ணார்பேட்டையில் ஏசி போட்ட ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். அங்கே இருந்த தம்பி வாட்சைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “சர்டிபிகேட்தான மேடம்? எவ்வளவு போடணும்னு சொல்லுங்க, லெட்டர்பேடுல அடிச்சுத் தந்துருதோம்” என்றார். ஆறு லட்சம் என்றாலும் போட்டிருப்பார், அறுபதாயிரம் என்றாலும் போட்டிருப்பார். கூலி, போடும் தொகையில் ரெண்டு சதவீதம். ஒருவருடைய கூலி அவர் எழுதும் தொகையோடு சேர்ந்து ஏறுகிறது என்றால் அந்தத் தாளைத் தொடாதீர்கள். இன்சூரன்ஸ்காரர் அதைச் சந்தேகப்படப்போவது பிரீமியம் வாங்கும்போது இல்லை, நஷ்டஈடு கேட்கும்போது.

மூன்றாவது நாள் மதினியின் சித்தப்பா சொல்லி, டவுன் ரத வீதியை ஒட்டின ஒரு சந்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் வாட்ச் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு கண்ணாடி மேசை, ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் பேன். பேனை மேசைப்பக்கம் திருப்பவே மாட்டார், திருகாணி பறந்துவிடும். எழுபது வயசு இருக்கும் அண்ணாச்சிக்கு. வாட்சைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். அப்போதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் செயினைக் கழற்றினார். இந்த வயசு ரோலெக்ஸில் நம்பர்கள் செயின் மாட்டும் இடத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கும்: பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண், ஆறு மணிப் பக்கம் சீரியல் எண். ஐம்பது வருஷத்து அழுக்கை மரக்குச்சியால் சுரண்டி, கண்லென்ஸை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாய் வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன். பிறகு பின்மூடி. அதன் விளிம்பில் பல்பல்லாய் வெட்டு இருக்கும், அந்தப் பல்லைப் பிடித்துத் திருக அதற்கென்று தனிக் கருவி வேண்டும். கத்தியைக் கொடுத்து நெம்புகிறவர்கள்தான் அதிகம், அதனால் பழைய வாட்ச்களின் முதுகெல்லாம் கீறல். “கண்டவன் திறக்கல. ஒழுங்கா வச்சிருக்காவ” என்றார்.

மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஊசியால் கீறினமாதிரி குட்டிக் குட்டியாய் எழுத்துகள். சர்வீஸ் பண்ணுகிறவர்கள் தேதியும் அடையாளமும் போட்டு வைக்கும் வழக்கமாம். நாலு இருந்தன. ஒன்றில் 7.89 என்று தெளிவாகத் தெரிந்தது. “இது ஜங்ஷன்ல இருந்த ஒரு அண்ணாச்சி கை. ஒம்பத இப்படித்தான் வால நீட்டிப் போடுவாரு” என்றார். 89 ஜூலையில் எனக்கு ஒன்பது வயசு. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டுதான் போயிருப்பாரோ என்னவோ, நினைவில் இல்லை.

மிஷினில் 1570 என்று அடித்திருந்தது. இந்த மாடலுக்குச் சரியான மிஷின்தான். முள்ளைச் சுற்றிச் சுற்றி நள்ளிரவுக்குக் கொண்டுபோனார். பன்னிரண்டைத் தொட்டதும் தேதி டக்கென்று ஒரே குதியாய் மாறியது. இதில் தேதியை மட்டும் தனியாக மாற்ற முடியாது, முள்ளைத்தான் சுற்ற வேண்டும். தேதிச் சக்கர ஓரத்தில் லேசாய்த் துரு. “அரிசில போட்டானாம்லா உங்கண்ணன். வாட்சு என்ன பொங்கப்போற அரிசியா? அன்னைக்கே திறந்து தண்ணிய எடுத்திருந்தா இந்தத் துரு இல்ல.”

கடைசியில்தான் டயல். அதைப் பார்க்கவே கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். எழுத்தின் ஓரம் பிசிறு இல்லாமல் இருக்கிறதா, அடியில் ‘டி ஸ்விஸ் டி’ என்று பொடி எழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். அந்த ‘டி’ டிரிடியத்தைக் குறிக்கும். இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசினது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும். டார்ச் அடித்துவிட்டு, கையைக் குவித்து மூடி உள்ளே பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். இருட்டு. “எரியலல்லா? அதான் நல்லது. இந்த வயசுல பளிச்சுனு எரிஞ்சா எவனோ கைவச்சிருக்கான்னு அர்த்தம்.”

டயலை மறுபடி அடித்திருந்தால் விலை என்ன ஆகும் என்று கேட்டேன். “வாங்குதவன் மொதல்ல அதத்தான் பாப்பான். கறை இருந்தா கொஞ்சம் கொறைப்பான். அடிச்ச டயல்னா ரொம்பக் கொறைப்பான்.” அண்ணன் சோம்பல் என்று மேலே எழுதினேனே, அது இதற்குத்தான்.

விலை எழுதித் தருவீர்களா என்றதற்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். “நான் மெக்கானிக். என்ன இருக்குன்னு எழுதித் தாரேன். எவ்வளவுக்குன்னு எழுத எனக்குச் சீட்டு கிடையாது.” தன் பில் புத்தகத்திலேயே ஒரு தாளில் இரண்டு நம்பர், மிஷின், டயல் ஒரிஜினல், நாலு மணிப் பக்கம் தண்ணீர்க் கறை, தேதிச் சக்கரத்தில் துரு, செயின் தளர்வு என்று வரிசையாய் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தார். நான் வாங்கின எல்லாத் தாளிலும் உருப்படியானது அதுதான்.

சீட்டு வைத்திருப்பவரைப் பாளையங்கோட்டையில் ஏஜெண்ட்டே காட்டினார். அரசுப் பதிவு பெற்ற நகை மதிப்பீட்டாளர். 1957ஆம் வருஷத்துச் செல்வ வரிச் சட்டத்தின்கீழ் வந்த பதிவு இது. அந்த வரியையே 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். பதிவு மட்டும் இன்னும் நடமாடுகிறது. வாட்ச் தனக்குப் பழக்கமில்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அண்ணாச்சியின் தாளைப் பார்த்ததும், “இத வச்சு செய்யலாம். சென்னையில ரெண்டு கடைல விலை கேட்டுட்டு வாங்க. அவங்க உங்ககிட்ட வாங்குற விலை இல்ல, உங்களுக்கு விக்கிற விலை” என்றார்.

முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான். பழைய வாட்ச் விற்கும் ஒரு சென்னைக் கடை, போட்டோக்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் விற்றால் 2.5 லட்சம் தருவதாகச் சொன்னது. அதே மாடலை அதே கடையில் நாங்கள் வாங்கப் போனால் 3.7 லட்சம். ரெண்டும் உண்மையான விலைதான். தொலைந்துபோனால் அதே மாதிரி ஒன்றைத் திரும்ப வாங்குவதற்குத்தான் இன்சூரன்ஸ், அதனால் ரெண்டாவது கணக்கு. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கிறோம் என்றால் முதல் கணக்கு. எதற்காகச் சான்று என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வாங்கின ரசீது உண்டா என்றும் மதிப்பீட்டாளர் கேட்டார். கடை ரசீது இல்லை. கேரண்டித் தாள் உண்டு. வாட்சோடு அதுவும் வெள்ளத்தில் ஊறியது. மை மொத்தமாய்க் கரைந்து, நீலம் பாய்ந்த வெறும் தாள். தூக்கிப் போடாமல் மதினி அதைக் காயவைத்து ராமாயணத்துக்குள் வைத்திருந்தார். மதிப்பீட்டாளர் வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். சீரியல் எண்ணை அந்தக் காலத்தில் மையால் எழுதாமல் தாளில் பொட்டுப் பொட்டாய் ஓட்டை போட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் ஒவ்வொரு இலக்கமும் ஓட்டை ஓட்டையாய்த் தெரிந்தது. அண்ணாச்சி வாசித்த அதே நம்பர். மதினி ஒன்றும் பேசவில்லை. அண்ணனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

3.6 லட்சம் என்று சான்று. கூலி ஆயிரத்து ஐந்நூறு, தொகை எதுவானாலும் அதே. கூடவே ஆறு போட்டோ: முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு நம்பர், மிஷின், கேரண்டித் தாள். மிஷினை அண்ணாச்சி மூடியைத் திறந்திருந்தபோதே எடுத்து வைத்திருந்தேன், இல்லாவிட்டால் இன்னொரு நாள் போயிருக்கும். நிறுவனம் ஒரு கேள்வி மட்டும் கேட்டது, வாட்ச் எங்கே இருக்கும் என்று. பீரோ மேல்தட்டு என்று எழுதிக் கொடுத்தோம். வீட்டுக்கு உள்ளே இருக்கும்வரைக்கும்தான் இந்தப் பாலிசி. கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்த் தொலைத்தால் அதற்கு வேறு பார்க்க வேண்டும். அப்பா மாதிரி பேங்குக்கெல்லாம் கட்டிக்கொண்டு போகாதே என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சி எழுதிக் கொடுத்ததற்குக் காசு வாங்கவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “காசு வேண்டாம் தாயி. அங்கேருந்து இதுக்கு ஒரு கண்ணாடி மட்டும் கிடைச்சா அனுப்புங்க. நமக்கு இங்க வாரது பூரா டூப்ளிகேட். தேதி மேல ஒரு பொட்டு இருக்கும்லா, அது கோணிக்கிட்டு நிக்கும்” என்றார். தேதியை ரெண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அந்தப் பொட்டைச் சொல்கிறார். இங்கே வந்து மூன்று இடத்தில் கேட்டுவிட்டேன். ஒரு கடையில் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.