அண்ணன் கண்ணில் ஒரு கோரைப்பல்

டொராண்டோவிலிருந்து போன இந்தப் பயணத்தில் கல்யாண வீடுகளைவிட கண் ஆஸ்பத்திரியில்தான் அதிகம் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா மகனுக்குத் துணையாள் நான். காய்ச்சல் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற கடும் ஒவ்வாமை வந்து, இரண்டு கருவிழியும் வெளுத்து, கண்ணீர் சுரப்பதே நின்றுபோனவர் அவர்.

தானமாக வரும் கருவிழியை வைத்துத் தைத்தால் போதாதா என்று நானும் முன்பு கேட்டிருக்கிறேன். காய்ந்த கண்ணில் அது நிலைக்காது. செயற்கைக் கருவிழியான பாஸ்டன் கேப்ரோவுக்கும், மதுரை ஆரோலேப் குறைந்த விலையில் செய்யும் ஆரோ கேப்ரோவுக்கும்கூட ஓரளவு ஈரம் வேண்டும். அதுவும் இல்லாத கண்ணுக்குப் பல்தான் வழி. 1960களில் இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி என்ற டாக்டர் தொடங்கிய முறை இது; அண்ணனுக்குச் செய்ததும் இதுதான். சென்னை சங்கர நேத்ராலயாவிலும் செய்கிறார்கள்.

கோரைப்பல்லை வேரோடும் சுற்றியுள்ள எலும்போடும் எடுத்து, தகடாக இழைத்து, நடுவில் துளையிட்டு பிளாஸ்டிக் லென்ஸைப் பதிக்கிறார்கள். அந்தத் தகடு சில மாதம் கன்னத்துத் தோலுக்கடியில் இருக்கும்; சுற்றிலும் சதை பிடிக்க வேண்டுமே. வாயின் உள்தோலை எடுத்துக் கண்மேல் போர்த்துகிறார்கள். பிறகு, இரண்டாம் கட்டத்தில்தான் தகடு கண்ணுக்குப் போகும். சொந்தப் பல் என்பதால் உடம்பு அதைத் தள்ளுவதில்லை. பார்க்க அழகில்லை, உண்மைதான்: இளஞ்சிவப்புத் தோல், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. வீட்டுக் குழந்தைகளுக்காக அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். குழாய் வழியே பார்ப்பதுபோல் நேரே இருப்பதுதான் தெரியும். ஆனாலும் பஸ் நம்பரை அவரே படிக்கிறார்.

ஆஸ்பத்திரியில் குறை என்றால் வரிசைதான். எந்த கவுன்டர் எதற்கு என்று கேட்டுக் கேட்டே பாதிக் காலை போனது. அதே இடத்தில், பார்வையில்லாதவர்களைக் கைபிடித்து ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போன பெண்பிள்ளைகள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

உள்ளே டாக்டர் விரலால் அழுத்தித்தான் கண் அழுத்தத்தைக் கணித்தார். வழக்கமான கருவி இந்தக் கண்ணுக்கு உதவாது. அழுத்தம் கூடி கிளாக்கோமா வந்து கண் நரம்பு கெட்டால், போன பார்வை திரும்பாது. ஊரில் இது யாருக்கும் புரியவில்லை. "அதான் கண்ணு தெரியுதே, இன்னும் எதுக்குடா செலவு?" என்கிறார் பெரியப்பா.

என்னைப்போல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: ஒரு மாத லீவில் இரண்டு கட்டமும் முடியாது. ஆபரேஷனுக்குப் பணம் அனுப்புவதோடு, வருஷா வருஷம் பரிசோதனைக்கு யார் கூடப் போவது என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் அடுத்த முறை அண்ணி போகிறார். கார் வாடகை என் பொறுப்பு.