மிட்வைஃப் மிஸ், பிள்ளை மடுவம், வாராந்த வருகை: லயத்துக் குழந்தைக்கு எது உதவும்?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் கைக்குழந்தையோடு வாழும் குடும்பத்துக்கு இன்று இரண்டு உதவிகள் உண்டு. ஒன்று, வீடு தேடி வரும் மருத்துவிச்சியான மிட்வைஃப் மிஸ். மற்றது பிள்ளை மடுவம், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகம். மூன்றாவதாக, பயிற்சி பெற்ற ஒரு பெண் வாரந்தோறும் வீட்டுக்கு வந்து தாயோடும் பிள்ளையோடும் விளையாடிப் பழகும் முறை ஜமைக்காவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. நம் லயங்களுக்கு எது எதற்குப் பொருந்தும் என்று பார்ப்போம்.

மிட்வைஃப் சேவை 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்தது. பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது அவர் வீட்டுக்கு வர வேண்டும். தொப்புள், தாய்ப்பால், தாயின் காய்ச்சல், இரத்தப்போக்கு எல்லாம் பார்ப்பார். இந்த வேலையை வேறு எவராலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் ஒருவருக்குச் சுமார் 3,000 பேர். அதுவும் செங்குத்தான பாதைகளில் சிதறிக் கிடக்கும் டிவிசன்கள், அதாவது தோட்டப் பிரிவுகள். அப்புறம் மொழி. நிறை குறைந்திருப்பதைக் கார்டில் காட்டிவிடலாம். "இரவில் தூங்குகிறாயா, அழுகை வருகிறதா" என்று ஒரு தாயிடம் கேட்கத் தமிழ் வேண்டும். தமிழ் பேசும் மிட்வைஃப்கள் மலையகத்தில் போதாது.

84 நாள் பிரசவ விடுமுறை முடிந்ததும் தாய் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விடுவார். அதன்பின் பகல் முழுக்கப் பிள்ளைக்கு வீடு என்றால் அது மடுவம்தான். மடுவம் இருக்கும் இடத்தில் பால் கொடுக்க அரை மணிநேரம் வீதம் நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. கொழுந்து எடுக்கும் மலை தூரமாக இருந்தால் அந்த அரை மணி நடையிலேயே போய்விடும். மடுவத்துக்குப் பொறுப்பானவர் பேசிப் பாடி விளையாட்டுக் காட்டுபவராக இருந்தால் பிள்ளைகள் மலர்ந்துவிடுகின்றன. ஒருவரே பல பிள்ளைகளைப் பார்க்கும் மடுவத்தில் தொட்டிலை ஆட்டித் தூங்கவைப்பதற்கே நேரம் சரியாக இருக்கும்.

இனி ஜமைக்கா. 1986-87இல் கிங்ஸ்டனில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினரின் வீட்டுக்கு உள்ளூர்ப் பெண்கள் வாரத்துக்கு ஒரு மணிநேரம் என்று இரண்டு வருடம் போனார்கள். வெற்றுப் போத்தல், அட்டைப் பெட்டி போன்றவற்றில் செய்த சாமான்களை வைத்துப் பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் 22 வயதில், இந்தப் பயிற்சி பெறாதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதே ஆய்வில் வீட்டு வருகை இல்லாமல் சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. திரிபோஷா என்ற சத்துமாவுப் பை கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2016 கணக்குப்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் குள்ளத்தன்மை நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7.

ஜமைக்காவிலேயே நடந்த இன்னொரு ஆய்வில், மாதம் ஒருமுறை போன வீடுகளில் முன்னேற்றம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனதில் சிறிது, வாரந்தோறும் போனதில் நன்றாகவே தெரிந்தது. அப்படியானால் இந்த வேலையையும் மிட்வைஃபின் தலையில் கட்டுவது வீண். பிறப்பும் முதல் ஆறு வாரமும் அவருடையதாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு மூன்று வயது வரை வாராந்த வருகைதான் என் தெரிவு.

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. பகலில் போனால் லயக் காம்பரா பூட்டியிருக்கும். மாலையில் போனால் தாய் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். அதனால் பேர் வெட்டாமல், அதாவது அன்றைய சம்பளத்தைக் குறைக்காமல், வாரம் ஒரு மணிநேரம் தாயை வேலையிலிருந்து விடத் தோட்ட நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். தாய் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது அம்மாயி, அதாவது தாயின் தாய். அங்கே அவரிடமே பழக்க வேண்டும், அவரைச் சும்மா சாட்சிக்கு உட்காரவைக்கக் கூடாது.

வருபவர் அதே லயத்தவராக இருக்க வேண்டாம். காம்பராவுக்குள் கண்டது அன்றைக்கே குழாயடிக்குப் போய்விடும் என்று பயந்தால் எந்தத் தாயும் கணவனின் குடியைப் பற்றியோ வீட்டுச் சண்டையைப் பற்றியோ வாய் திறக்க மாட்டார். பக்கத்து டிவிசன் பெண் என்றால் மொழியும் தெரியும், கொஞ்சம் தூரமும் இருக்கும். அவருக்குக் குறைந்தது கொழுந்து எடுப்பவரின் நாள் சம்பளமாவது கொடுக்க வேண்டும். தொண்டு என்று சொல்லிச் சில்லறை கொடுத்தால் சில மாதங்களில் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுவார். அடுத்த வாரம் வேறொரு புதுமுகத்திடம் பிள்ளை முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும்.