தேக்கடி மூங்கில் தெப்பம்: 120 அடிக்குக் கீழே ஒரு பகல்

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்குத் தேக்கடி ஏரி முதலில் ஓர் எண்ணாகத்தான் அறிமுகமாகிறது. அந்த ஏரியைத் தேக்கி வைத்திருக்கும் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று நாளிதழில் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் மற்ற செய்திகளுக்குப் போவார்கள். ஜூன் மாதத்தில் தலைமதகு திறந்தால்தான் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் முதல்போகத்துக்கு நாற்றுவிட முடியும் என்பதால் அந்த எண்ணுக்கு அத்தனை மரியாதை. அதே எண்ணை வைத்து ஏரியில் யானை தெரியுமா தெரியாதா என்பதையும் ஓரளவு கணித்துவிடலாம் என்பது, நாற்பது வயது தாண்டி, சென்ற மாசிக் கடைசியில் ஒரு பகல் முழுவதும் மூங்கில் தெப்பத்தில் கழித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தெப்பப் பயணத்தைப் பற்றியதே இந்த மதிப்புரை.

தேக்கடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் போவது இயந்திரப் படகில். காலை ஏழரைக்கு முதல் படகு, மாலை மூன்றரைக்குக் கடைசிப் படகு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். சிறுவயதிலிருந்து நானும் நான்கைந்து முறை போயிருக்கிறேன். ஏரியின் அகலத்தையும் மலைகளின் அடுக்கையும் பார்க்க அது போதும், வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்ல அதுவே ஏற்றது. ஆனால் கரையில் ஒரு காட்டுப்பன்றி தெரிந்தாலே நூறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து கூவுகிற படகில் விலங்கு பார்ப்பது திருவிழாக் கூட்டத்தில் ரகசியம் பேசுவதைப் போன்றது. எழுந்து நிற்பது பிறருக்குத் தொந்தரவு என்பதோடு முடிவதும் இல்லை. 2009 செப்டம்பர் 30-ல் இதே ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இன்றைக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாமல் யாரும் நீரில் இறங்க முடியாது. தெப்பத்திலும் அப்படித்தான்.

தெப்பப் பயணம் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடிகிறது. ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நீரில் இருப்பது மூன்று மணி நேரம்தான், மீதி நேரம் கரையோரக் காட்டில் நடை. விளம்பரப் படங்களைப் பார்த்துவிட்டு முழுநாளும் மிதக்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சிவப்பு, மஞ்சள், வெள்ளைச் சட்டைகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க முழங்கால் வரை வரும் துணிக் காலுறை தருகிறார்கள். கோடையில் அட்டை குறைவு என்றாலும் ஓடையோர நிழலில் இரண்டு என் காலுறையில் ஏறிக்கொண்டு நூல் தேடும் ஊசிபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. என் மச்சான் காரின் பின்பெட்டியில் தூண்டிலும் மண்புழு டப்பாவும் வைத்திருந்தார். 1934-ல் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் வேட்டைச் சரணாலயமாகவும் 1978-ல் புலிகள் காப்பகமாகவும் ஆன இடத்தில் நம்மைப் போன்றவர்கள் தூண்டில் போட முடியாது என்று வரும் வழியெல்லாம் சொல்லியும் அவர் நம்பவில்லை. வாசலில் வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "அண்ணே, புழுவக் கரையில விட்ருங்க, மைனாவாவது திங்கட்டும்" என்றதும்தான் டப்பாவை வைத்தார்.

தெப்பம் என்பது தடித்த மூங்கில்களை வரிசையாகக் கட்டி, உட்கார மேலே ஒரு மூங்கில் பலகை வைத்தது, அவ்வளவுதான். துடுப்பு போடுவது தெப்பக்காரர்கள் வேலை. விருப்பமுள்ளவருக்கும் ஒன்று தருகிறார்கள். மூங்கில் இடுக்குகள் வழியாக நீர் மேலே வந்து செருப்பை நனைத்துவிட்டுப் போகும். இயந்திரம் இல்லாததால் துடுப்பு நீரிலிருந்து எழும்போது சொட்டும் ஒலிகூடக் கேட்கிறது. இந்த மௌனத்துக்காகவே கட்டணம் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

நீர் நடுவே நிற்கும் கறுத்த மரக்கட்டைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1895-ல் பென்னிகுயிக் அணையைக் கட்டி முடித்து நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. நூற்றுமுப்பது ஆண்டுகளாக நீருக்குள்ளேயே நின்றும் சாயவில்லை. இயந்திரப் படகு அவற்றுக்கு நடுவே போக முடியாமல் விலகிச் செல்லும். தெப்பமோ இரண்டு கட்டைகளுக்கு இடையிலேயே நுழைந்துவிடுகிறது. அப்படி நுழைந்த இடத்தில்தான் இருபதடி தொலைவில் ஒரு பாம்புத்தாரா மீன்பிடிப்பதைப் பார்த்தேன். உடல் முழுவதும் நீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே நீண்டு சென்றுகொண்டிருந்தது; பிறகு அதுவும் மறைந்தது. மனதுக்குள் நான் ஐம்பது எண்ணி முடித்தபோது வேறொரு பக்கத்தில் மேலே வந்தது, மூடிய அலகின் முனையில் ஒரு சிறிய ஜிலேபி மீன் குத்துண்டு துடித்துக்கொண்டிருந்தது. அது அலகால் கவ்வுவதில்லை, ஈட்டிபோல் குத்துகிறது. குத்திய மீனை உதறி எறிந்து, காற்றில் அது திரும்பும் கணத்தில் தலைப்பக்கமாக வாங்கி விழுங்கியது. வால்பக்கமாக விழுங்கினால் துடுப்பு முள் தொண்டையில் மாட்டும். கழுத்தில் ஒரு முடிச்சு மெதுவாக இறங்கிப் போனது. அதன்பின் கட்டையில் ஏறி இறக்கைகளை விரித்துக்கொண்டு அது அசையாமல் நின்றது. இறகு நனைந்துவிடுவதால்தான் அதனால் அவ்வளவு ஆழமாக மூழ்க முடிகிறது, நனைந்துவிடுவதால்தான் வெயிலில் காயவும் வேண்டியிருக்கிறது. பெரிய படகிலிருந்து இந்தப் பறவையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனால் அது ஒரு கட்டையில் விரித்துப் போட்ட கறுப்புத் துணியாக மட்டுமே எனக்கு இருந்தது.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். மேற்கே ஓட வேண்டிய பெரியாற்றின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே, எங்கள் பள்ளத்தாக்கின் தலைப்பில் உள்ள லோயர் கேம்புக்கு இறங்குகிறது. 104 அடிக்குக் கீழே நீர் போனால் சுரங்கத்துக்கு எட்டாது. மேலே 142 அடி வரை தேக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் அனுமதித்தது. வடகிழக்குப் பருவமழை முடியும்போது நீர் மரக்கூட்டத்துக்குள்ளேயே ஏறி நிற்கும். காட்டுக்குள் ஒவ்வோர் ஓடையிலும் நீர் இருப்பதால் எந்த விலங்குக்கும் ஏரிக்கு வரவேண்டிய அவசியம் இல்லை. மாசி, பங்குனியில் நீர் இறங்க இறங்க, முன்பு மூழ்கியிருந்த சரிவு வெளியே வந்து, ஈரம் காய்வதற்குள் அதில் இளம்புல் முளைக்கிறது. உள்ளே ஓடைகள் வற்றியிருக்க, வெளியே நீரும் புல்லும் சேர்ந்து கிடைக்கும் ஒரே இடம் அந்தப் பச்சை விளிம்பு. நாங்கள் போன அன்று நீர்மட்டம் 120 அடிக்குக் கீழே. ஒரே வளைவில் பதினொரு காட்டெருமைகள், சற்றுத் தள்ளி மூன்று மிளா, எதிர்க்கரையில் குட்டியோடு ஐந்து யானைகள் நின்றன. யானைகள் காற்றை மோந்து தும்பிக்கையைத் தூக்கியபோது தெப்பக்காரர்கள் சொல்லாமலேயே துடுப்பை நிறுத்தினார்கள். துப்பாக்கி வைத்திருந்த காவலர் மட்டும் எழுந்து நின்றார். டிசம்பரில் வந்த என் அலுவலக நண்பர் ஒருவர் ஒரு மலையணிலும் கருமந்திக் கூட்டமும் மட்டுமே பார்த்ததாகக் குறைபட்டுக்கொண்டார். அவர் போன வாரம் நீர்மட்டம் என்ன என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. 925 சதுர கிலோமீட்டர் காட்டில் புலியைப் பார்ப்போம் என்ற எண்ணத்தோடு யாரும் போக வேண்டாம். ஈரமண்ணில் பழைய கால்தடம் ஒன்றைக் காட்டினார்கள், அதுவே பெரிய பேறு.

ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை காட்டின் பழங்குடிகளான மன்னான், பளியர் மக்களுக்கு உண்டு. மாலையில் செவுள்வலையைக் கட்டிவிட்டு விடியலில் எடுப்பார்கள். நாங்கள் போனபோது ஒரு முதியவர் தனியாக ஒரு சிறு தெப்பத்தில் தாமதமாக வலை எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வழிகாட்டியும் மன்னான்தான். இருவரும் பேசிக்கொண்ட பேச்சில் பாதி எனக்குப் புரிந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து பாண்டியர் காலத்தில் மலையேறியவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய மரபு. இடுக்கியில் கோவில்மலையில் அவர்களுக்கு இன்றும் ராஜா உண்டு. வலைக் கண்ணிகளில் சிக்கியிருந்தவற்றில் பெரும்பகுதி ஜிலேபியும் சாதாக் கெண்டையும்; இரண்டுமே வெளிநாட்டிலிருந்து வந்தவை. முதியவர் ஒவ்வொரு மீனையும் செவுளில் விரலைவிட்டு, வலை அறுந்துவிடாமல் முன்பக்கமாக உருவி எடுத்தார். பின்பக்கமாக இழுத்தால் கண்ணி கிழியும் என்றார். பெரியாற்றின் மேல் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு மீன் இனம் இந்தக் காட்டில் இருக்கிறது. அது குளிர்ந்த, வேகமான ஓடைகளில் ஒதுங்கியிருக்க, ஏரியைப் பிற நாட்டு மீன்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

நீர்நாய்களும் அந்த வரவு மீன்களைத்தான் தின்கின்றன. மதியச் சாப்பாட்டுக்கு ஒதுங்கிய பாறையில் செதில்களாகவே ஆன உலர்ந்த எச்சம் கிடந்தது. வழிகாட்டி குச்சியால் கிளறி ஜிலேபியின் முதுகுமுள் ஒன்றை எடுத்துக் காட்டினார். பொட்டலத்தைப் பிரித்த ஐந்து நிமிடத்தில் அவையே வந்தன. ஆறு நீர்நாய்கள் வில்போல் வரிசையாக நீந்தி, ஒரு சிறு குடாவுக்குள் மீன்களை ஒதுக்கிக்கொண்டு போயின. நீரின் மேற்பரப்பு அங்கே மட்டும் கொதிப்பதுபோல் கலங்கியது. பிடித்ததும் ஒன்று மீனை இரு கையாலும் பிடித்துத் தலையிலிருந்து கடித்தது. வெள்ளரிக்காய் கடிக்கும் ஓசை எங்களுக்கே கேட்டது. சாப்பாடு என்ன என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

இனிக் குறைகள். குமுளியில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த ஒருவர் தெப்பத்துக்கு இடமே இல்லை என்றும் தன் மூலமாகத்தான் கிடைக்கும் என்றும் சொல்லி ஆளுக்கு 400 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார். குமுளி அம்பாடி சந்திப்பில் வனத்துறையின் சூழல் சுற்றுலா மையமே நேரடியாகப் பதிவு செய்கிறது, இணையத்திலும் செய்யலாம் என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். வார இறுதிகளுக்கு முன்கூட்டியே பதிவது அவசியம். கடைத்தெருவில் ஒரு கடையில் வாடகைக்கு வாங்கிய இருகண்நோக்கியில் ஒரு பக்க வில்லை பூஞ்சைபிடித்து மங்கியிருந்தது. யானைகளை ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன். வாங்கும்போதே கடைக்கு வெளியே வந்து எதிர்க்கட்டடத்தின் பலகையைப் படித்துப் பாருங்கள்.

கரையோர நடை நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. நீர் இறங்கிய சரிவு மேலே காய்ந்து, உள்ளே சேறாக இருப்பதால் கணுக்கால் வரை புதைகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த முழுநாள் பயணத்தைத் தவிர்த்து இயந்திரப் படகில் போவதே நல்லது. பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை நிழலற்ற வெயில். தொப்பி இல்லாமல் வந்த என் மச்சானுக்கு இரவு தலைவலி. கைபேசிப் படங்களில் எல்லா விலங்குகளும் புள்ளிகளாகத்தான் விழுந்தன.

இரவு ஏரிமீன் என்று பலகை மாட்டியிருந்த ஓர் உணவகத்தில் மீன் வறுவல் கேட்டோம். வந்தது கடல்மீன், அதுவும் ஐஸில் பல நாள் இருந்தது என்பதை முள்ளைப் பிரித்ததுமே எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஏரியில் பிடிப்பது காலை எட்டரைக்குள் தீர்ந்துவிடும், உணவகத்துக்கு எங்கிருந்து மிஞ்சும் என்று தெப்பக்காரர் பகலிலேயே சொல்லியிருந்தார். மச்சான் இப்போது நாளிதழில் நீர்மட்டம் பார்க்கிறார். 115-க்கு வந்ததும் தூண்டில் இல்லாமல் மறுபடியும் போவதாகச் சொல்லியிருக்கிறார்.